இன்குபேட்டரில் வைத்த முட்டையில் குஞ்சு முழுதாக வளர்ந்தும் உள்ளேயே ஏன் சாகிறது?

எந்த கம்பெனி இன்குபேட்டர் வாங்கினால் குஞ்சு உள்ளேயே சாகாது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே நீங்கள் கொடுத்திருக்கும் விவரங்களைப் பார்த்தால், உண்மையில் தெரிய வேண்டியது மெஷின் பெயர் இல்லை. ஊர் நாகப்பட்டினத்துக்குப் பக்கம். ஃபேன் வைத்த தெர்மோகோல் பெட்டி. வீட்டுக் கோழிகளின் 30 முட்டைகள், 12 நாள் சமையலறைக் கூடையில் சேர்த்து வைத்தது. அழுக்காக இருந்ததை ஈரத்துணியால் துடைத்து, முதல் நாளிலிருந்தே தண்ணீர்க் கிண்ணம் வைத்து, ஈரப்பதம் இறங்கிவிடக் கூடாது என்று காற்றுத் துளைகளை டேப் போட்டு மூடியிருக்கிறீர்கள். பெட்டிக்குள் ஈரப்பதம் 70 வரை இருந்தது. எட்டாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது 6 முட்டை தெளிவாகவோ ரத்த வளையத்தோடோ இருந்தன. நடுவில் 4 கெட்டன, அதில் இரண்டு நாற்றம். 9 குஞ்சு வந்தது. மீதி 11 முட்டையை உடைத்தால் முழுதாக வளர்ந்த குஞ்சு, ஈரமாக, கழுத்து வீங்கி செத்துக் கிடந்தது. ஆக, உங்கள் கேள்வி இதுதான்: இத்தனை நாள் நன்றாக வளர்ந்தது கடைசியில் ஏன் செத்தது, அதற்கு மெஷின் காரணமா, நான் காரணமா?

நான் பல்லடம் பக்கம் ஹேச்சரியில், அதாவது குஞ்சு பொரிப்பகத்தில், முட்டைகளை அடையில் வைக்கும் செட்டர் ரூமில் பல வருடம் வேலை பார்த்தவன். இப்போது வீட்டில் நாட்டுக்கோழி மட்டும். ஹேச்சரியில் பொரிப்பு குறைந்தால் மெஷினைத் திட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்வோம். பொரிக்காத முட்டைகளை எடுத்து உடைத்து, ஒவ்வொன்றும் எந்த நாளில் நின்றுபோனது என்று எழுதுவோம். பிரேக் அவுட் என்பார்கள். எத்தனை செத்தது என்ற எண்ணிக்கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எப்போது செத்தது என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதிக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும்: கரு செத்த நாள் ஒன்றாகவும், அதைக் கொன்ற காரியம் நடந்த நாள் வேறொன்றாகவும் இருக்கலாம். உங்கள் 11 குஞ்சுகள் செத்தது இருபதாம் நாள் வாக்கில். காரணம் அதற்கு வெகு நாள் முன்பே ஆரம்பித்துவிட்டது என்பது என் கணிப்பு.

முட்டைக்குள் சாவு 21 நாளும் சமமாகப் பரவி நடப்பதில்லை. இரண்டு இடத்தில் குவியும். முதல் குவியல் முதல் வாரத்துக்குள், குறிப்பாக இரண்டு முதல் ஐந்தாம் நாள் வரை. ரத்த ஓட்டம் தொடங்கி, கரு தன் காலில் நிற்கப் பழகும் காலம் அது. இரண்டாவது குவியல் பதினெட்டாம் நாளுக்குப் பிறகு, சவ்வு வழியாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்த குஞ்சு நுரையீரலுக்கு மாறும்போது. நடு வாரத்தில் சாவு மிகக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அம்மாக்கோழி அடைகாத்தாலும் இந்த இரண்டு மேடுகளும் இருக்கும், உயரம்தான் குறையும். அதனால் 30 வைத்து 30 எடுக்கலாம் என்ற கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். நல்ல முட்டை, நல்ல பராமரிப்பு இருந்தால் உயிர் உள்ள முட்டையில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பொரிக்கும். உங்களுக்கு 24-இல் 9 என்பது அதிலிருந்து ரொம்ப தூரம்.

முதலில் அந்த 6 முட்டை. டார்ச் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தால் எல்லோரும் "சேவல் சேரவில்லை" என்று சொல்லிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. ஓரிரு நாளிலேயே செத்த கருவும் டார்ச்சில் தெளிவாகத்தான் தெரியும். உடைத்து மஞ்சள் கருவின் மேல் உள்ள வெள்ளைப் புள்ளியைப் பார்க்க வேண்டும். சேராத முட்டையில் அது சின்னதாக, அடர் வெள்ளையாக, ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும். சேர்ந்த முட்டையில் நடுவில் தெளிந்து, சுற்றி வளையம் போட்ட மாதிரி பெரிதாக இருக்கும். அடையில் ஒரு நாள் இரண்டு நாள் வளர்ந்து செத்தது என்றால் அந்த வட்டம் இன்னும் அகலமாக, பால் படர்ந்தது போல் இருக்கும். ரத்த வளையம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், ரத்தக் குழாய் உருவான பிறகு செத்த கரு. உங்களுக்கு வளையமும் இருந்திருக்கிறது, தெளிவானதும் இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் சேவல் தலையில் கட்ட வேண்டாம்.

இங்கேதான் அந்தக் கூடை வருகிறது. கோழி முட்டையிடும்போதே உள்ளே கரு பல்லாயிரம் செல்களாகப் பிரிந்து முடிந்திருக்கும். முட்டை கோழியின் உடலுக்குள் இருக்கும் ஒரு நாளில் அதுவும் வளர்ந்துகொண்டுதான் வருகிறது. வெளியே வந்து ஆறியதும் தூங்கப் போய்விடும். ஆனால் அந்தத் தூக்கத்துக்குச் சுமார் 20, 21 டிகிரிக்குக் கீழே வெப்பநிலை வேண்டும். நம் ஊர்ச் சமையலறையில் அது எங்கே இருக்கிறது? 32, 33 டிகிரியில் கரு தூங்கவும் முடியாமல் ஒழுங்காக வளரவும் முடியாமல் அரைகுறையாக ஊர்ந்துகொண்டிருக்கும். பத்து நாள் அப்படிக் கிடந்த கரு இன்குபேட்டருக்குள் வரும்போதே களைத்துவிட்டது. முதல் நான்கைந்து நாளில் போய்விடும், அல்லது பிழைத்தாலும் மெதுவாக வளர்ந்து, கடைசியில் ஓடு உடைக்கத் தெம்பில்லாமல் நிற்கும். குளிர்ந்த நாடுகளின் புத்தகங்களில் முட்டையை ஒரு வாரம் வைக்கலாம் என்று எழுதியிருப்பது 15 முதல் 18 டிகிரி வரை உள்ள அறைக்கு. அந்த ஒரு வாரத்தை நம் சித்திரை மாதத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வெயில் காலத்தில் நான்கைந்து நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள். ஈர மணலின் மேல் மண் பானையை உட்கார வைத்து, பானைக்குள் உலர்ந்த துணி விரித்து முட்டையை வைத்தால் அறையை விடச் சில டிகிரி குறையும். ஃப்ரிட்ஜ் இதற்கு நேர்மாறான சிக்கல், 4, 5 டிகிரி கருவுக்கு அதிகக் குளிர். அதில் வைத்ததும் சில சமயம் பொரிக்கும் என்பது உண்மைதான். நம்பி வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நடுவில் போன நான்கில் நாற்றமடித்த இரண்டைப் பற்றி எனக்குக் குழப்பமில்லை. அது கிருமி. முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு, அதன் மேல் கோழி பூசி அனுப்பும் மெல்லிய பூச்சு கிருமிகளை வெளியே நிறுத்துகிறது. ஈரத்துணியால் துடைத்தால் பூச்சும் போகும், அழுக்குத் தண்ணீர் துளைகளுக்கும் போகும். தண்ணீர் முட்டையை விடக் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் மோசம், உள்ளே சுருங்கும் காற்று அந்த அழுக்கை இழுத்துக்கொள்ளும். லேசாக அழுக்கு இருந்தால் காய்ந்த பிறகு உலர்ந்த துணியாலோ மெல்லிய உப்புத்தாளாலோ தட்டி எடுங்கள். எச்சம் அப்பியிருக்கும் முட்டையை அடைக்கு வைக்காமல் அவித்துச் சாப்பிட்டுவிடலாம். நாற்றம் வரும் முட்டையை உடனே வெளியே எடுங்கள். அது பெட்டிக்குள் வெடித்தால் மற்ற எல்லா முட்டைக்கும் கிருமி போகும், பொரித்து வரும் குஞ்சுகளுக்கும் தொப்புள் அழுகும்.

மீதி இரண்டைப் பற்றி இங்கிருந்து உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. நடு வாரச் சாவு அதிகமாக இருந்தால் நாங்கள் முதலில் தாய்க்கோழியின் தீவனத்தைச் சந்தேகிப்போம். வைட்டமின் பி2 குறைந்தால் கரு நடு வாரத்தில் சாகும், மயிர் சுருண்டு முடிச்சு முடிச்சாக இருக்கும். மாங்கனீசு குறைந்தால் கால் குட்டையாக, அலகு கிளி மூக்கு மாதிரி வளைந்திருக்கும். ஆனால் முப்பதில் இரண்டு செத்ததை வைத்து சத்துக்குறைபாடு என்று முடிவு கட்டுவது ஜோசியம். உங்கள் கோழிகள் வெளியே மேய்ந்து பூச்சியும் கீரையும் தின்கிறவை என்றால் பி2 குறைய வாய்ப்பு குறைவு. கூண்டில் அடைத்து நொய்யும் சோறும் மட்டும் போட்டு வளர்க்கிறவர்களுக்குத்தான் அந்தப் பயம் வேண்டும். தொடர்ந்து இரண்டு மூன்று அடையில் நடு வாரச் சாவு வந்தால், செத்த கருக்களை ஐஸில் வைத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரியான இடத்தில் காட்டுங்கள். சால்மோனெல்லா புல்லோரம் போன்ற சில நோய்கள் தாயிடமிருந்து முட்டை வழியாகவே வரும். அவற்றைக் கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது, பரிசோதனைதான் சொல்லும்.

சரி, அந்த 11-க்கு வருவோம். உங்கள் நஷ்டமே அங்கேதான். பத்தொன்பது, இருபதாம் நாளில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். அதுவரை ஓட்டின் உட்புறம் ஒட்டிப் படர்ந்த ரத்தக் குழாய்ச் சவ்வு வழியாகத்தான் குஞ்சு பிராணவாயு எடுக்கிறது. கடைசியில் அந்தச் சவ்வால் வளர்ந்த குஞ்சின் தேவைக்குக் கொடுக்க முடியாமல் போகும், உள்ளே கரியமில வாயு ஏறும். அந்த நெருக்கடியில் கழுத்துத் தசை துடித்து அலகு மேலே குத்தும். குத்தும் இடம் முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை. அங்கே இருக்கும் கொஞ்சம் காற்றுதான் குஞ்சின் முதல் மூச்சு. அந்த மூச்சில் பல மணி நேரம் தாக்குப்பிடித்து, பிறகு ஓட்டில் ஒரு புள்ளி உடைக்கும். உடைத்த பிறகும் உடனே வெளியே வராது. சவ்வில் உள்ள ரத்தமும் மிச்ச மஞ்சள் கருவும் உள்ளே இழுக்கப்படும் வரை படுத்திருக்கும்.

அந்தக் காற்றறை எப்படி உண்டாகிறது? முட்டையிலிருந்து தண்ணீர் ஆவியாகிப் போக, அந்த இடத்தைக் காற்று நிரப்புகிறது. பதினெட்டு நாளில் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் வரை இழக்க வேண்டும். ஈரப்பதத்தை 70-இல் வைத்து, துளையையும் அடைத்துவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? காற்றறை சின்னதாகவே நிற்கும், குஞ்சு தண்ணீர் கோத்துப் பருத்திருக்கும், சுற்றிலும் ஈரம் மிச்சமிருக்கும். அலகால் குத்தும்போது போதிய காற்று கிடைக்காது, சில சமயம் அந்த ஈரத்தையே மூச்சில் இழுத்துவிடும். நீங்கள் சொன்ன ஈரமான, பருத்த குஞ்சு இதற்குப் பொருந்துகிறது. கழுத்து வீக்கத்தை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஓடு உடைக்கப் பயன்படும் பிடரித் தசை அந்த நாட்களில் எல்லாக் குஞ்சுக்குமே இயல்பாக வீங்கும். உடம்பு முழுக்க நீர் கோத்திருந்ததா, காற்றறை சின்னதாக இருந்ததா என்பதுதான் கேள்வி. அடுத்த முறை உடைக்கும்போது முதலில் அகன்ற முனை ஓட்டை மட்டும் எடுத்துக் காற்றறையைப் பாருங்கள், அலகு அதற்குள் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வராமலே செத்ததற்கும் வந்து மூச்சுவிட்ட பிறகு செத்ததற்கும் காரணம் வேறு வேறு.

முதல் நாளிலிருந்து தண்ணீர் வைக்கும் பழக்கம் கடலோரத்தில் இருக்கிறவர்களுக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து. வெளியே 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை அப்படியே பெட்டிக்குள் 37.6 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் கிட்டத்தட்ட 49 ஆகிவிடும். முதல் பதினெட்டு நாளுக்குப் பொதுவாகச் சொல்லும் 50 முதல் 55 வரை என்ற அளவுக்குத் தண்ணீரே வைக்காமல் வந்துவிட்டீர்கள். அதே நேரம் கரூரில் மே மாத மதியம் 36 டிகிரி, 35 சதவீதம் என்று இருந்தால், பெட்டிக்குள் 32-க்கு இறங்கிவிடும், அங்கே இருப்பவர் தண்ணீர்க் கிண்ணம் வைத்தே ஆக வேண்டும். யூடியூப்பில் ஒருவர் அவர் ஊருக்குச் சொன்னதை நாம் நம் ஊருக்குச் செய்வதால் வரும் வினை இது. ஈரப்பத மீட்டரை நம்புவதை விட முட்டையை நிறுத்துப் பார்ப்பது உத்தமம். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். பத்து முட்டை சேர்த்து 400 கிராம் இருந்தால் பதினெட்டாம் நாள் 352 கிராம் பக்கம் வர வேண்டும். ஒன்பதாம் நாள் பாதி இறங்கியிருக்க வேண்டும், அதாவது 376. அதை விட அதிகம் நிற்கிறது என்றால் தண்ணீரை எடுத்துவிடுங்கள், குறைந்துவிட்டது என்றால் வையுங்கள். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு மட்டும் ஈரப்பதத்தை 65, 70-க்கு ஏற்ற வேண்டும், சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டாமல் இருக்க. அந்த நேரத்தில் ஆசைப்பட்டு மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் சவ்வு காய்ந்து குஞ்சு இறுகிக்கொள்ளும். அப்படிச் செத்ததும் "முழுதாக வளர்ந்து உள்ளேயே செத்தது" கணக்கில்தான் வரும், ஆனால் காய்ந்து ஒட்டியிருக்கும், உங்களுடையது போல் ஈரமாக இருக்காது.

துளையை அடைத்தது இரண்டாவது குற்றவாளி. ஈரப்பதத்தை விட இது பெரிய காரணமா சின்னக் காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கின்றன. முதல் வாரத்தில் கரு எடுக்கும் பிராணவாயு மிகக் குறைவு, துளை அடைபட்டிருந்தாலும் தாங்கும். கடைசி வாரத்தில் ஒவ்வொரு முட்டையும் வளர்ந்த குஞ்சாக மூச்சு வாங்குகிறது, 20 குஞ்சுகளைக் காற்றுப் புகாத தெர்மோகோல் பெட்டியில் அடைத்த கதைதான். போதாததற்கு அந்தக் கட்டத்தில் குஞ்சுகளே சூடு உண்டாக்கும். தெர்மோகோல் அந்தச் சூட்டை வெளியே விடாது. சூடு கொடுக்கும் பல்பு அணைந்த பிறகும் உள்ளே வெப்பம் ஏறும், வெப்பத்தைக் கவனிக்கும் கன்ட்ரோலரால் பல்பை அணைக்கத்தான் முடியும், குளிர்விக்க முடியாது. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் காற்றே மெலிதாக இருப்பதால் நல்ல மெஷினிலும் பொரிப்பு குறையும். சமவெளியில் இருந்துகொண்டு நாமாக அந்த நிலைமையை உண்டாக்க வேண்டாம். பதினெட்டாம் நாளிலிருந்து துளைகள் முழுதாகத் திறந்திருக்கட்டும். ஈரப்பதம் குறைந்தால் தண்ணீரின் பரப்பைக் கூட்டுங்கள், ஆழத்தைக் கூட்டினால் பயனில்லை. அகலத் தட்டு, அல்லது கிண்ணத்தில் ஸ்பாஞ்ச்.

வெப்பநிலையை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பொதுவாக அதுதான் முதல் சந்தேகம், ஆனால் உங்கள் விஷயத்தில் பிழைத்து வந்த 9 குஞ்சுகள் ஒரு சாட்சி சொல்கின்றன. முதல் குஞ்சு 21-ஆம் நாள் முடியும்போது வந்தது, கடைசிக் குஞ்சு 23-ஆம் நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். சூடு அதிகமாக இருந்திருந்தால் 19, 20-லேயே வந்திருக்கும், தொப்புள் சரியாக மூடாமல், மெலிந்து. தாமதமாக வந்திருப்பதால் உங்கள் பெட்டி கொதிக்கவில்லை. கொஞ்சம் குறைவாக ஓடியிருக்கலாம். அல்லது 12 நாள் பழைய முட்டை என்பதால் தாமதமாகியிருக்கலாம், பழைய முட்டை எப்போதும் சில மணி நேரம் பிந்தியே பொரிக்கும். இரண்டில் எது என்று தெரிய உங்கள் சென்சாரைச் சோதிக்க வேண்டும். ஃபேன் உள்ள பெட்டியில் 37.5 முதல் 37.8 வரை சரியான அளவு. ஃபேன் இல்லாத பெட்டியில் மேலே சூடும் கீழே குளிருமாக இருப்பதால் முட்டையின் மேல் மட்டத்தில் 38.5 பக்கம் வைப்பார்கள். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இந்த அளவுகளில் நன்றாகவே துல்லியமானது. ஒரு டம்ளரில் 38 டிகிரி வாக்கில் வெந்நீர் எடுத்து, அந்தத் தெர்மாமீட்டரிலும் கன்ட்ரோலர் சென்சாரிலும் வரும் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். சென்சார் நுனி நீர் புகாத வகையா என்று பார்த்துவிட்டு நனையுங்கள். சென்சாரைப் பெட்டியின் கூரையில் தொங்கவிடாமல் முட்டை மட்டத்தில், ஆனால் முட்டையைத் தொடாமல் வையுங்கள். உங்கள் கன்ட்ரோலர் டபிள்யூ1209 மாதிரி மலிவு போர்டு என்றால் இன்னொன்றையும் பாருங்கள். வாங்கியபடியே விட்டால் 2 டிகிரி இறங்கிய பிறகுதான் பல்பு எரியும். அந்த இடைவெளியை 0.2, 0.3 என்று குறைத்துக்கொள்ளலாம். ஈரப்பத மீட்டருக்கும் ஒரு சோதனை உண்டு: ஒரு மூடியில் சமையல் உப்பை ஈரமணல் பதத்துக்கு நனைத்து, மீட்டரோடு ஒரு டப்பாவுக்குள் காற்றுப் புகாமல் அரை நாள் மூடி வைத்தால் 75 காட்ட வேண்டும். அது 65 காட்டினால், நீங்கள் 70 என்று நினைத்தது நிஜத்தில் 80.

முட்டையைத் தினம் எத்தனை முறை திருப்பினீர்கள் என்று எழுதவில்லை. இது சின்ன விஷயம் இல்லை. முதல் வாரத்தில் திருப்பாமல் விட்டால் ரத்தக் குழாய்கள் சரியாகப் பரவாது, கரு வெண்கருவை முழுதாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் அந்த வாரமே சாகாது. வளர்ந்துகொண்டே போய், கடைசி மூன்று நாளில் பிசுபிசுப்பான வெண்கரு மிச்சத்தோடு சாகும். செத்த நாளும் காரணத்தின் நாளும் வேறு என்று மேலே சொன்னதற்கு இதை விட நல்ல உதாரணம் இல்லை. கையால் திருப்புவதானால் குறைந்தது மூன்று, முடிந்தால் ஐந்து முறை. ஒற்றைப்படையாக இருந்தால் நீண்ட இரவில் ஒரே பக்கம் திரும்பத் திரும்ப அடியில் கிடக்காது. ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம். படுக்க வைக்கலாம், அல்லது கூர்முனை கீழே இருக்க நிறுத்தலாம். கூர்முனை மேலே இருந்தால் குஞ்சின் தலை காற்றறை இல்லாத முனைக்குப் போய்விடும். அப்படித் தலை மாறிய குஞ்சுகள் எப்படியும் சில இருக்கும், அதிகமாக இருந்தால் முட்டையைத் தப்பாக அடுக்கியிருக்கிறோம் என்று அர்த்தம். உங்கள் 11-இல் தலை எந்தப் பக்கம் இருந்தது என்று நினைவிருந்தால் எழுதுங்கள்.

கரண்ட் போனதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், ஊரில் பெரியவர்கள் இடி இடித்து முட்டை கெட்டது என்றார்கள் என்றும். அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் போடுவது எங்கள் வீட்டிலும் உண்டு. இடிச் சத்தம் கருவைக் கொல்லும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் இடிக்குப் பின்னால் வரும் கரண்ட் கட் இன்குபேட்டர்காரர்களுக்குப் பகை என்பது நிஜம். இருந்தாலும் குளிர்ச்சியை நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பயப்பட வேண்டாம், தாய்க்கோழியே தினமும் இரை தேட எழுந்து போகிறது. ஓரிரு மணி நேரக் குளிர் வளர்ச்சியைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். முதல் இரண்டு வாரத்தில் கரண்ட் போனால் பெட்டியை மூடியே வைத்துப் போர்த்துங்கள். கடைசி வாரத்தில் நேர்மாறு: ஃபேன் நின்றுவிட்டால் காற்றும் நிற்கும், குஞ்சின் சூடும் சேரும், அதனால் துளைகளைத் திறந்து மூடியையும் சற்றே விலக்கி வையுங்கள். 40 டிகிரிக்கு மேலான சூடு, ஒருமுறை வந்தாலே, குளிரை விடப் பல மடங்கு கொடியது.

ஒரே சேவல், அதன் மகள்கள், அவற்றின் மகள்கள் என்று ஒரே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் பொரிப்பைக் குறைக்கும். சண்டைச் சேவல் வம்சம் காப்பாற்றுகிறவர்கள் ரகசியமாக வருத்தப்படும் விஷயம் இது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து சேவல் மாற்றுங்கள். புதிதாக முட்டையிடத் தொடங்கிய கோழியின் முதல் சில வார முட்டைகளையும் அடைக்கு வைக்காதீர்கள்.

மெஷின் வாங்கலாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம். அதே பெட்டியில் நான்கு நாள் முட்டையை, துடைக்காமல், பதினெட்டாம் நாள் வரை தண்ணீர் இல்லாமல், துளை திறந்து, ஒன்பதாம் நாளும் பதினெட்டாம் நாளும் நிறுத்துப் பார்த்து ஒரு அடை எடுங்கள். பொரிக்காததை எல்லாம் உடைத்துப் பாருங்கள், வீட்டுக்கு வெளியே, கையுறையோடு, பிறகு சோப்பால் கை கழுவி. அரிஸ்டாட்டில் காலத்திலேயே நாள்வாரியாக முட்டையை உடைத்துக் கரு வளர்வதைப் பார்த்து எழுதிவிட்டார்கள், நமக்கு இன்னும் அருவருப்பு போகவில்லை. கருவின் கண்ணில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் நான்கைந்து நாளைத் தாண்டியது. அலகு நுனியில் வெள்ளைப் பல் தெரிந்தால் பத்துக்குப் பக்கம். உடம்பெல்லாம் மயிர் வந்திருந்தால் பதின்மூன்றுக்கு மேல். மஞ்சள் கரு முழுக்க வெளியே இருந்தால் பதினெட்டுக்குள், பாதி உள்ளே போயிருந்தால் பத்தொன்பது, முழுதும் போயிருந்தால் இருபது. இவ்வளவையும் செய்த பிறகும் கடைசிச் சாவு குறையவில்லை என்றால் வாங்குங்கள். அப்போது கம்பெனி பெயரைப் பார்க்காமல், ஃபேன் இருக்கிறதா, துளையைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, சென்சாரைத் திருத்தும் வசதி இருக்கிறதா, பேட்டரியில் ஓடுமா என்று பாருங்கள்.

ஓடு உடைத்த குஞ்சுக்கு நாமே ஓட்டை உரித்து உதவலாமா என்று கடைசியாகக் கேட்டீர்கள். முதல் புள்ளி உடைத்ததிலிருந்து ஒரு நாள் வரை தொடாதீர்கள், அது ஓய்வெடுக்கவில்லை, மஞ்சள் கருவை இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் கடந்தும் அதே புள்ளியில் நின்றால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்கி, காற்றறைப் பக்கத்து ஓட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரு துளி ரத்தம் தெரிந்தாலும் நிறுத்தி, திரும்ப உள்ளே வைத்துச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள்.